டாஹோவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டாஹோ ஏரியைப் பற்றியவை. கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பாகம் பிரித்துக்கொண்ட மலை ஏரி. ஒரு கரையில் கேசினோ, தலைக்கு மேலே பனிச்சிகரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

கே: நாங்கள் நான்கு பேர். சனி, ஞாயிறு டாஹோ போகலாம் என்று அறை தேடினால், இரண்டு இரவு வாடகையில் வீட்டுக்கு ஒரு புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாம் போலிருக்கிறது. குறைந்த செலவில் போய்வர வழி உண்டா?
– ஃபிரிமாண்ட் வாசகி

ப: உண்டு, சகோதரி. கூப்பனும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். காலண்டரில் இரண்டு கட்டம் தள்ளி விரலை வையுங்கள். ஞாயிறு கிளம்பி, செவ்வாய் திரும்புங்கள்.

ஏரியின் தென்கரையில், மாநில எல்லைக்கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால் கேசினோ ஓட்டல்கள்தான். அந்த ஊரின் பெயரே ஸ்டேட்லைன். ஒவ்வோர் ஓட்டலிலும் நூற்றுக்கணக்கான அறைகள். வெள்ளியும் சனியும் அவை தாமாகவே நிரம்பிவிடும். ஞாயிறு மாலை கூட்டம் மலையிறங்கியதும் மாடி மாடியாகக் காலி. சாதாரண ஓட்டலில் ஓர் அறை காலியாகக் கிடந்தால் அன்றைய வாடகையோடு நஷ்டம் முடிந்துபோகும். கேசினோ ஓட்டலுக்கு அப்படி இல்லை. லிஃப்டில் இறங்கி வந்து ஆடியிருக்கக்கூடிய ஓர் ஆளும் சேர்ந்து நஷ்டம். அதனால்தான் ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகையை வெகுவாகக் குறைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை விலையில் பாதிக்கும் கீழே கிடைப்பது அங்கே சகஜம். அழைப்பை ஏற்று, அறையில் நன்றாகத் தூங்கி, விடிந்ததும் ஏரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஞாயிறு மதியம் 50-ஆம் நெடுஞ்சாலையில் ஊரே ஊர்ந்து இறங்கும். நீங்கள் எதிர்ப்பக்கத்தில் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கை: திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த வாரம் ஞாயிறும் சனிக்கிழமை வேடம் போட்டுக்கொள்ளும். எந்த மாதம் என்று கேட்டால், செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிந்ததிலிருந்து அக்டோபர் கடைசி வரை என்பேன். கூட்டம் இருக்காது, வெயில் இருக்கும், பனி இன்னும் வந்திருக்காது. பள்ளி நடக்கிற காலம்தான். ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள் என்று நடுவில் ஒரு விடுமுறை வருமே, அதைத் தேடிப் பிடியுங்கள்.

கே: சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும்?
– டேலி சிட்டி வாசகர்

ப: தென்கரைக்குச் சுமார் 190 மைல். வழி சும்மா இருந்தால் மூன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கே: ஓட்டல் வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஒன்று வாங்குகிறார்களே, அது என்ன? கொடுக்காமல் இருக்க முடியுமா?
– சன்னிவேல் வாசகர்

ப: சில வருடங்களுக்கு முன் இது என்னை நன்றாகக் கடித்தது. திரையில் பார்த்த வாடகையை நம்பிப் போனேன். கவுன்ட்டரில் இரவுக்கு முப்பத்துச் சொச்சம் டாலர் கூடுதல் என்றார்கள். நீச்சல் குளம், வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றுக்கும் சேர்த்தாம். இரவு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்து, காலை ஏழுக்கு ஏரிக்கரையில் நின்றவன் நான். குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் வந்தது, இன்றைக்கும் அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2025 மே மாதம் முதல் அமெரிக்காவில் தங்குமிடங்கள் இந்தக் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத்தான் முதலிலேயே விளம்பரப்படுத்த வேண்டும் என்பது விதி. வரி தனியாக வரலாம். ஃபீ இருக்கிற இடத்தில் அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் வாங்காத இடங்கள் உண்டு. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், கலிஃபோர்னியாவின் சௌத் லேக் டாஹோ ஊரில், சாலையோரச் சிறு மோட்டல்கள் பல இருக்கின்றன. கேசினோ அறையின் மொத்தத் தொகையையும் மோட்டலின் மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்கிங் கட்டணத்தையும் மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: நண்பர்கள் ஐந்து பேர் போகிறோம். கேசினோவில் கொஞ்சம் ஜெயித்து அறை வாடகையைத் தேற்றிவிடலாம் என்று திட்டம். எந்த ஆட்டம் நல்லது?
– மில்பிடாஸ் வாசகர், வயது 24

ப: தம்பி, வாடகையை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு கணக்குப் போடலாம்.

அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், அவற்றில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மீதி இரண்டும் பச்சை: ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். சிவப்பில் ஒரு டாலர் வைத்தால் 18 குழி உங்கள் பக்கம், 20 குழி அவர்கள் பக்கம். ஆக, நீங்கள் வைக்கிற ஒவ்வொரு 38 டாலரிலும் சராசரியாக 2 டாலர் கேசினோவுக்கு. அந்த இரண்டு பச்சைக் குழிகள்தான் அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம். இப்போது மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் வந்துவிட்டன. அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

சிறு தொகை வைத்து ஆடுகிற ஸ்லாட் இயந்திரம் சாதுவாகத் தெரியும். அதன் பசி வேகத்தில் இருக்கிறது. சுற்றுக்கு 1 டாலர், மணிக்கு 500 சுற்று என்றால் மணிக்கு 500 டாலர் பந்தயம் கட்டியிருப்பீர்கள். நூற்றுக்கு 8 டாலர் இயந்திரம் வைத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 40 டாலர் போயிற்று. ரூலட் மேஜையில் ஒரு தடவைக்கு 5 டாலர் வைத்தாலும், பந்து ஓடி நிற்க வேண்டும், ஆட்டத்தை நடத்துபவர் பணத்தைப் பிரிக்க வேண்டும், அடுத்தவர் யோசிக்க வேண்டும். மணிக்கு 40 சுற்றைத் தாண்டுவது கஷ்டம். 200 டாலர் பந்தயத்தில் போவது பத்தரை டாலர் போல. இவ்வளவும் சராசரிதான். ஓர் இரவில் ஜெயிக்கவும் செய்யலாம், அதுதான் ஆபத்து. வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கி, ஜெயித்தவனைப் பார்த்துத்தான் முதலில் கவலைப்படுகிறார்.

ஆடித்தான் தீர வேண்டுமென்றால் ஆளுக்கு 20 டாலர் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பர்ஸும் கார்டும் அறையிலேயே இருக்கட்டும். கூட்டத்தில் எவனாவது ஒருவன் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று மறுபடி லிஃப்டில் ஏறினால், மற்ற நால்வரும் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போங்கள். ஏரிக்கரை நடந்து போகிற தூரத்தில்தான். கேலியாகச் சொல்லவில்லை. சம்பளத்தோடு உறக்கத்தையும் அந்தத் தளத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கே: ஏரி இரண்டு மாநிலத்துக்கும் சொந்தம் என்கிறீர்கள். கேசினோ ஓட்டல்கள் மட்டும் ஏன் ஒரே பக்கம்?
– டப்ளின் வாசகி

ப: ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு கலிஃபோர்னியாவில், ஒரு பங்கு நெவாடாவில். பொருளாதார மந்தத்தின் நடுவே, 1931-இல், நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. கலிஃபோர்னியா அப்படிச் செய்யவில்லை. அவ்வளவுதான், கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் விளக்கு எரிந்தது. சாக்ரமென்டோவில் இறைச்சி வியாபாரம் செய்த ஹார்வி கிராஸ் 1944-இல் ஸ்டேட்லைனில் ஓர் அறைக் குடிலைத் திறந்தார். உள்ளே மூன்று ஸ்லாட் இயந்திரம். அதுதான் வளர்ந்து ஹார்வீஸ் என்ற மாளிகையானது.

வடகரையில் கால்-நேவா என்று ஒரு விடுதி. எல்லைக்கோடு கட்டடத்துக்குள்ளேயே ஓடும். 1960-களின் தொடக்கத்தில் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அதன் சொந்தக்காரர். சிகாகோ மாஃபியா தலைவர் சாம் ஜியான்கானாவை அங்கே தங்கவைத்ததால் 1963-இல் சூதாட்ட உரிமத்தை இழந்தார். இதை ‘காட்ஃபாதர்’ படக் கதையோ என்று கேட்பீர்கள். அதன் இரண்டாம் பாகத்தில் வருகிற ஏரிக்கரை வீடும் டாஹோவின் மேற்குக் கரையில் எடுத்ததுதான்.

கே: மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 68. மலை உயரம் என்கிறார்கள், மூச்சு வாங்குமா? கொடைக்கானல் மாதிரி இருக்குமா?
– மதுரையிலிருந்து வந்திருக்கும் வாசகர்

ப: ஐயா, ஏரி மட்டம் கடலுக்கு மேல் 6,225 அடி. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. கோடைக்குக் கொடைக்கானல் போய் நன்றாக நடந்து வந்தவர் என்றால் ஏரிக்கரையில் பயம் வேண்டாம். முதல் நாள் மட்டும் நிதானமாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இருதயத்துக்கோ மூச்சுக்கோ மருந்து எடுப்பவரானால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை. ஹெவன்லி மலைக்குப் போகும் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியில் ஏறினால் மட்டும் 9,000 அடியைத் தாண்டுவீர்கள். அதற்கு டிக்கெட்டும் உயரம்தான். மகன் வற்புறுத்தினால் தவிர விட்டுவிடலாம்.

கொடைக்கானல் ஏரி 1863-இல் மனிதர் அணைகட்டி உண்டாக்கியது. படகில் ஒரு சுற்று வந்துவிடலாம். டாஹோவின் கரை 72 மைல். ஆழம் 1,645 அடி, அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஒன்றுதான். இதன் தண்ணீரைக் கலிஃபோர்னியா முழுக்கப் பரப்பினால் கணுக்காலுக்கு மேலே, 14 அங்குலம் நிற்கும். அறுபதுக்கு மேற்பட்ட ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியே போவது ட்ரக்கீ என்ற ஒரே ஆறு. அதுவும் கடலுக்குப் போவதில்லை, நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் போய் அடங்கிவிடுகிறது. குளிர்காலத்திலும் ஏரி உறைவதில்லை. இந்த மண்ணின் ஆதிகுடிகளான வாஷோ மக்களின் மொழியில் ஏரிக்கான சொல்லிலிருந்துதான் டாஹோ என்ற பெயர் வந்தது. உங்கள் வயதுக்காரர் ஒருவர் எமரால்ட் பே வளைவில் காரைவிட்டு இறங்கி ஒரு வார்த்தை பேசாமல் நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போய்வாருங்கள்.

கே: சாப்பாட்டுச் செலவுதான் எங்களை முழுங்குகிறது. ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? போன தடவை பருப்பு வேகவே இல்லை!
– சான் ரமோன் வாசகி

ப: பருப்பின் மேல் தப்பில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நாம் நினைப்போம், பருப்புக்குச் சூடு போதாது. பிரஷர் குக்கரில் வைத்து வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விடுங்கள். ரைஸ் குக்கரில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்கெல்லாம் சமையல் மூலை உள்ள அறையாகப் பார்த்து எடுக்க வேண்டும். சாதாரண ஓட்டல் அறையில் கடுகு தாளித்தால் புகை அலாரம் கூப்பாடு போட்டு ஆறு மாடியையும் கீழே இறக்கிவிடும்.

முதல் நாளுக்குப் புளியோதரை, தயிர்சாதம். வழியில் சாக்ரமென்டோ பக்கம் பால், ரொட்டி, பழம். மலையேறிய பிறகு எல்லாமே விலை கூடும், பெட்ரோலும் அப்படித்தான். முடிந்தவரை கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒன்று மிக முக்கியம்: காரில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஊறுகாய் பாட்டில்கூட வேண்டாம். டாஹோவின் கறுப்புக் கரடிகளில் கார்க் கதவைத் திறக்கத் தெரிந்தவை உண்டு. உள்ளே போனபின் கதவு சாத்திக்கொண்டால் வெளியே வரும் அவசரத்தில் காரின் உட்புறத்தைக் குதறிவிடும். ஊருக்குள் உணவு தேடிப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல நேர்வதும் உண்டு. நம் மறதிக்கு அது பலியாகக் கூடாது.

கே: கேசினோ வேண்டாம், படகு வாடகைக்கும் பட்ஜெட் இல்லை. அப்படியானால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– ஃபோல்சம் வாசகர்

ப: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஏரி இருக்கிறது!

எமரால்ட் பேயிலிருந்து தொடங்குங்கள். மேற்குக் கரையில், சாலை மலை விளிம்பில் வளைகிற இடம். கீழே பச்சை நிற விரிகுடா, நடுவே ஃபானெட் என்ற ஒரே ஒரு தீவு, அதன் உச்சியில் ஒரு சிறு கல்வீடு. லோரா நைட் என்ற சீமாட்டி தேநீர் குடிக்கக் கட்டியது. கரையில் அவருடைய 1929-ஆம் ஆண்டு மாளிகை வைகிங்ஸ்ஹோம், ஸ்காண்டிநேவியக் கட்டடக்கலையில். அதற்கு ஒரு மைல் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, திரும்ப ஏறும்போது குழந்தை தோளுக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்குள் போனால்தான் பார்க்கிங். சாலையோரத்தில் கோட்டைத் தாண்டி நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அக்டோபர் என்று முன்பு சொன்னதற்கு இன்னொரு காரணம் டெய்லர் ஓடை. கோகனி என்ற சால்மன் இன மீன் ஏரியிலிருந்து ஓடை ஏறி முட்டையிட வரும். உடல் முழுக்கக் குங்குமச் சிவப்பு. ஓடைக்குப் பக்கத்தில் நிலத்தடியில் கண்ணாடி வைத்த அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து ஓடையின் உட்புறத்தைப் பார்க்கலாம். என் மகள் ஐந்து வயதில் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகர மறுத்தாள். இந்த மீனும் ஊருக்குப் புதிது. 1944-இல் ஏரியில் விடப்பட்டது, ஹார்வியின் குடில் திறந்த அதே வருடம். அங்கிருந்து தெற்கே, மலையைத் தாண்டினால் ஹோப் வேலி. அதே வாரங்களில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி நிற்கும்.

கிழக்குக் கரையில் சாண்ட் ஹார்பர், நெவாடாவின் மாநிலப் பூங்கா. யானைக் கூட்டம் இறங்கிக் குளிப்பதுபோல உருண்டைப் பாறைகள், நடுவே கண்ணாடித் தண்ணீர். வண்டிக்குக் கட்டணம் உண்டு, கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பும். இன்க்லைன் வில்லேஜிலிருந்து அங்கே வரை ஏரியை ஒட்டியே மூன்று மைல் நடைபாதை 2019-இல் திறந்தார்கள். ஏரியைச் சுற்றி எத்தனையோ இடம் நடந்திருக்கிறேன். ஒன்றே ஒன்று என்றால் மாலையில் இந்தப் பாதையைத்தான் சொல்வேன்.

கே: ஆகஸ்டில் போகிறோம். நீந்தலாமா?
– சாண்டா கிளாரா வாசகர்

ப: கரையோரம், இடுப்பளவில். வெயில் உச்சத்திலும் மேல்நீர் 65, 70 டிகிரி ஃபாரன்ஹீட்தான். ஆழத்தில் பனிக்கட்டிக்குப் பக்கத்துக் குளிர். படகிலிருந்தோ துடுப்புப் பலகையிலிருந்தோ திடீரென்று விழுந்தால் குளிர் அதிர்ச்சியில் மூச்சு திணறி, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே கை கால் ஓடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்துக்கொள்ளாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் அல்ல, அப்பாக்களுக்கும்.

கே: குழந்தைகளோடு கேசினோ ஓட்டலில் தங்கலாமா? உள்ளே விடுவார்களா?
– கூப்பர்டினோ வாசகி

ப: தங்கலாம். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடும் தளத்தைக் கடந்து போகலாம், அங்கே நிற்கக் கூடாது. நெவாடா கேசினோக்களில் ஆடும் தளத்தில் புகைபிடிக்க அனுமதி உண்டு. சில ஓட்டல்களில் அறைக்குப் போகும் வழியே அதன் ஊடாகத்தான். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் மோட்டலே மேல்.

கே: பனி பார்க்க ஜனவரியில் போக ஆசை. ஸ்கீ டிக்கெட் விலையைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டோம். டயருக்குச் செயின் கட்டாயமா?
– சான் ஹோசே வாசகர்

ப: பெரிய மலைகளில் ஒருநாள் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் வாங்கினால், கூட்ட நாட்களில் 200 டாலரைத் தாண்டும். பனி பார்க்க அது தேவையில்லை. ஸ்னோ பார்க் என்று மாநிலம் நடத்தும் இடங்கள் உண்டு. முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்கி, காரை நிறுத்தி, ஊரிலிருந்து கொண்டுபோன பலகையில் குழந்தைகள் சறுக்கலாம். உடைந்த பிளாஸ்டிக் பலகையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

செயின் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பனிக்காலத்தில் கலிஃபோர்னியா மலைச் சாலைகளில் ஆர்1, ஆர்2, ஆர்3 என்று அறிவிப்பு வரும். வழக்கமாக வருவது ஆர்2. பனி டயர் போட்ட நான்கு சக்கர இயக்க வண்டிகள் தவிர எல்லாவற்றுக்கும் செயின் மாட்டியாக வேண்டும். அந்த வண்டிகளும் செயினைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆர்3 என்றால் எல்லா வண்டிக்கும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய அறை வாடகையும் போகும். செயினை ஊரிலேயே வாங்குங்கள். சாலையோரத்தில் அனுமதி பெற்று மாட்டிக்கொடுப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் செயின் விற்கக் கூடாது. வாங்கிய அன்றே வீட்டு வாசலில் கணவனும் மனைவியும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். 7,382 அடி எக்கோ கணவாயில், இருட்டில், கையுறையோடு முதல் பாடம் படிக்கக் கூடாது. மாட்டியபின் வேகம் 25, 30 மைலுக்குள்.

கே: நான் மாணவன். காரும் இல்லை, காசும் இல்லை. டாஹோ எனக்குக் கனவுதானா?
– பெர்க்லி வாசகர்

ப: எமரிவில்லில் ஏறினால் ஆம்ட்ராக்கின் கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயில் ட்ரக்கீ ஊரில் இறக்கிவிடும், நாளுக்கு ஒன்று. சியரா மலையேறும் அந்தப் பாதைதான் உங்கள் முதல் காட்சி. ஜன்னலை விடாதீர்கள். ட்ரக்கீயிலிருந்து வடகரைக்குப் பஸ். அந்தப் பஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது. தென்கரைப் பஸ்ஸுக்கும் அப்படியே.

கே: டாஹோ தண்ணீர் முன்போல் தெளிவாக இல்லை என்கிறார்களே, உண்மையா?
– பிளசன்டன் வாசகி

ப: உண்மை, வருத்தமான உண்மை. யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 1968 முதல் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்கி, எத்தனை அடி வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்துவருகிறார்கள். தொடங்கிய காலத்தில் சுமார் 100 அடி ஆழம் வரை தெரிந்தது. அண்மை ஆண்டுகளில் 60, 70 அடி. சாலைத் தூசியும் ஊரிலிருந்து மழைநீரோடு வரும் நுண்துகளும் பாசியும் காரணம். கரையும் தப்பவில்லை. 2023-இல் ஜூலை 4 கொண்டாட்டத்துக்கு மறுநாள், கிழக்குக் கரையில் ஒரு மணற்பகுதியிலிருந்து மட்டும் தன்னார்வலர்கள் எட்டாயிரம் பவுண்டுக்கு மேல் குப்பை அள்ளினார்கள்.

நீங்கள் போகும்போது பெட்டியில் இரண்டு காலிப் பைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் குப்பைக்கு, இன்னொன்று நமக்கு முன் வந்து போனவர்களுடையதற்கு. எங்கள் வீட்டில் இரண்டாவது பையைத் தூக்க எப்போதும் சண்டை நடக்கும். போன அக்டோபரில் மகள் ஜெயித்தாள்.